ஆட்டத்துக்குப் பிறகு ஊசி

வெறுங்காலில் பந்தாடுவதை நான் ஒருபோதும் விரும்பியதில்லை. இந்தத் தேயிலைத் தோட்டத்து மருந்தகத்துக்கு டிஸ்பென்சராக வந்த புதிதிலேயே பெரிய துரையிடம் அதைச் சொன்னேன். பையன்களுக்குச் சப்பாத்து வாங்க அவருக்கு மனமில்லை. பந்து மட்டும் வாங்கிக் கொடுத்தார்.

விசாரணைக்கு வந்த நீங்கள் எங்கள் மைதானத்தைப் பார்த்திருப்பீர்கள். மேட்டில் மாட்டுக் கொட்டில்கள். மழை பெய்தால் மூத்திரமும் சாணமும் கரைந்து வந்து கோல் கம்பத்தடியில் தேங்கும். பையன்கள் அதில் விழுந்து எழுந்து, அதே கையால் மூக்கைத் துடைத்துக்கொள்வார்கள். நான் ஓடிகொலோன் தெளித்த கைக்குட்டையோடு ஓரத்தில் நிற்பேன். இருந்தும் அவர்களை ஓர் அணியாக்கியது நான்தான். நகம் வெட்டவும், துப்பாமல் பேசவும் பழக்கினேன். அக்கரப்பத்தனைத் தோட்டங்களுக்கிடையில் நடக்கும் இளைஞர் கேடயத்துக்கு ஆட வைத்தேன். இதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஐம்பத்தேழில் இறுதியாட்டத்தில் தோற்றோம். அதற்குக் காரணம் நான். கோல் காக்கும் சிவசாமிக்கு முழங்காலைத் தகரம் கிழித்திருந்தது. ஏற்புவலி என்னும் டெட்டனஸ் வராமலிருக்க ஊசி போட்டேன். குதிரை இரத்தத்திலிருந்து எடுக்கும் மருந்து அது. சிலருடைய உடம்பு ஏற்காது. ஒரு வாரம் கழித்து, சரியாக ஆட்டத்தன்று, அவனுக்குக் காய்ச்சல், தடிப்பு, மூட்டெல்லாம் வீக்கம். அவனுக்குப் பதிலாக நின்றவன் ஐந்து கோல் விட்டான். எதிர்த் தோட்டத்து டிஸ்பென்சர் ராமநாதன் எல்லார் முன்னிலும் சொன்னார்: "ஒங்க ஊசி எங்க டீமுக்குத்தாங்க ஆடுச்சு. அடுத்த வருசமும் மறக்காமப் போடுங்க." துரையும் சிரித்தார்.

அடுத்த ஆண்டு, இறுதியாட்டத்துக்கு முந்திய வாரம், அழகுமுத்துவுக்குக் காலில் குத்தியது. எங்கள் அணியில் கோல் போடத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். பதினாறு வயது. தகப்பன் இல்லை. தாய் காளியாயி கொழுந்து பறிப்பவள். பயிற்சியின்போது பந்து, கவ்வாத்து வெட்டிய மலைக்குள் போய் விழுந்தது. வெட்டுப்பட்ட தேயிலைச் செடிகள் ஈட்டி நட்டாற்போல் நிற்கும். பெரியவர்களே பார்த்துத்தான் கால் வைப்பார்கள். இவன் பந்தைத் தவிர எதையும் பார்ப்பதில்லை. குதித்தான். ஒரு கிளையின் நுனி உள்ளங்காலில் ஏறி ஒடிந்தது.

தூக்கிக்கொண்டு வந்தார்கள். கால் முழுக்கச் சாணம். இடுக்கியால் இழுத்தபோது கறுத்த மரத்துண்டும், அதன் பின்னால் கொஞ்சம் சேறும் வந்தன. கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டேன். கழுவி, டிஞ்சர் ஊற்றிக் கட்டினேன்.

"ஊசி போடுவீங்களாய்யா?" என்றான்.

"போன வருசம் சிவசாமிக்குப் போட்டேனே, எப்படி இருந்தான்?"

"பலாப்பழமாட்டம் ஊதிப்போயிக் கெடந்தான்யா." வலியிலும் சிரித்தான்.

"உனக்கும் போடட்டுமா?"

"வேணாங்கய்யா. மேச்சு முடியட்டும்."

கேட்டுக்கொள்ளுங்கள். அவனே சொன்னது. மருந்து அலமாரியில் இருந்தது. இல்லையென்று நான் சொல்லவில்லை. காயம் சில நாளில் மேலே மூடிக்கொண்டது. ஆழமான காயம் அப்படி மூடினால் உள்ளே என்ன வளரும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் பார்க்கச் சுத்தமாக இருந்தது.

ஆட்டத்தன்று காலை காளியாயி வந்தாள். அவள் காலில் அட்டை கடித்த இரத்தம் வழிந்துகொண்டிருந்ததால் வாசலிலேயே நிறுத்தினேன்.

"ரொட்டியக் கடிக்க முடியலங்கிறான்யா. வாயே தொறக்கல. கழுத்தும் இழுக்குதாம். ஆட வேணாம்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. நான் சொன்னா கேக்க மாட்டான்."

பையனை அழைத்துத் தாடையைத் தொட்டுப் பார்த்தேன். கல்லாக இருந்தது. பின்னால் நின்ற சிவசாமி, "வுடுங்கய்யா, இன்னைக்காச்சும் வாய மூடிக்கிட்டு ஆடட்டும்," என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அழகுமுத்துவும் சிரிக்கப் பார்த்தான்.

"பயத்துல இறுகியிருக்கு. ஆடினா எளகிடும்," என்றேன். அது பயமல்ல என்று எனக்குத் தெரியும். நான் படித்த புத்தகத்தில் அதற்குத் தனி அத்தியாயமே உண்டு.

முதல் பாதியிலேயே கோல் போட்டான். அதன் பிறகு ஓட முடியாமல் மரம்போல் நின்றான். அது தெரியாமல் எதிரணி அவனை மறிக்க இரண்டு பேரை நிறுத்தியிருந்தது. அது எங்களுக்கு உதவியது. ஜெயித்தோம். படம் எடுக்கும்போது அவன் முகம் இழுத்துக்கொண்டு, பல்லெல்லாம் தெரிய நின்றான். எவ்வளவு சந்தோஷமான பையன் என்றார் துரைசாணி. ராமநாதன் வந்து என் கையைக் குலுக்கினார்.

அன்று சாயங்காலமே இசிவு கண்டது. டிஸ்பென்சரியின் பின்னறையில் ஜன்னலை மூடிப் படுக்க வைத்தேன். இந்த நோய்க்கு வெளிச்சமும் சத்தமும் ஆகாது. நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லொறி இருந்தது. ஆனால் அங்கே முதலில் கேட்பது, ஊசி போட்டீர்களா என்பதுதான். பாதை மோசம், குலுக்கலைத் தாங்க மாட்டான் என்று சொல்லிவிட்டேன். அதுவும் பொய்யல்ல.

தொழிலாளர் லயத்தில் வெற்றியைக் கொண்டாடித் தப்படித்தார்கள். ஒவ்வோர் அடிக்கும் அவன் உடம்பு வில்லாக வளைந்து கட்டிலைவிட்டு எழும்பியது. நினைவு தெளிவாகத்தான் இருந்தது. இந்த நோயில் அது கலங்குவதில்லை. வாயோரம் நுரை, கடிபட்ட நாக்கு, நனைந்த படுக்கை. பார்க்க அருவருப்பாக இருந்தது. அவன் தலையைப் பிடித்துக்கொண்டிருந்த காளியாயி, "தப்ப நிறுத்தச் சொல்லுங்கய்யா," என்று கெஞ்சினாள். நிறுத்தச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். நான் முன்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானம் அடங்கினான்.

தாய் காயத்தில் சாணம் வைத்துக் கட்டினாள் என்று உங்களிடம் முதலில் சொன்னேன். அது சரியல்ல. டாக்டரய்யா போட்ட கட்டு என்று அவள் அதைத் தொடவே பயந்தாள். லயத்தில் இப்போது யாரும் அவளோடு பேசுவதில்லையாம். தவறான தகவல் நிற்பது எனக்குப் பிடிக்காது. அதனால்தான் வந்தேன்.

இன்னொன்று. அவன் கையில் ஊசித் தடம் இருந்ததாகவும், மருந்துக் குப்பி காலியாக இருந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் உண்மை. பிணத்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் கொண்டுவரும்படி காளியாயியை அனுப்பிவிட்டுப் போட்டேன். கை விறைத்திருந்தது, ஊசி சிரமப்பட்டுத்தான் இறங்கியது. ஆனாலும் முழு அளவும் போட்டேன். பிறகு பஞ்சை வைத்து அந்த இடத்தை நன்றாகத் தேய்த்துவிட்டேன். மருந்து உடம்பில் பரவ வேண்டுமல்லவா.