குழி ஓரத்து லில்லிகள்

லில்லிக் கிழங்கை மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை தோண்டிப் பிரித்து நட வேண்டும், சார். பலருக்கு இது தெரிவதில்லை. அப்படியே விட்டால் தாய்க்கிழங்கைச் சுற்றிக் குட்டிகள் நெருக்கும், ஒன்றை ஒன்று மண்ணுக்கு மேலே தள்ளும். இலை புதராக வரும், பூ வராது. எங்கள் கம்பெனி வாசல் பாத்தி அப்படித்தான் கிடந்தது. அதில் பீடித் துண்டு போடுவார்கள், டீ கிளாஸ் கழுவி ஊற்றுவார்கள். ஓசூருக்கு வேலைக்கு வந்த முதல் வாரமே எனக்குக் கோபம் வந்தது அதைப் பார்த்துத்தான்.

நான் பிளேட்டிங் செக்‌ஷனில் டிரெய்னி. இரும்புச் சாமானுக்குக் குரோம் பூசுவது வேலை. ஷிஃப்ட் முடிந்ததும் மற்றவர்கள் கிரிக்கெட் பார்க்க ஓடுவார்கள், நான் மண்வெட்டி எடுப்பேன். மேனேஜர் பாஸ்கரன் சிரித்தார்.

"ஜெகதீஷு, உனக்கு என்ன பைத்தியமாய்யா? சரி, பின்னாடி குரோம் கழிவுத் தண்ணிக் குழி ஓரம் ஒரு துண்டு சும்மா கெடக்கு, அங்கயும் வை. ஒண்ணு மட்டும் செய். செடி கருகுச்சுன்னா உடனே வந்து சொல்லு. குழி ஒழுகுதுன்னு அர்த்தம். பாத்தியத் தூக்கிட்டு, தோண்டி சிமெண்ட் போட்டுருவோம்."

அவர் சொல்லவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். தெளிவாகச் சொன்னார்.

அந்தப் பாத்திக்குப் பின்னால் காம்பவுண்டு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம், பள்ளத்தில், சென்னம்மா அக்கா வீடும் கிணறும். அக்கா கம்பெனியில் பெருக்குகிற வேலை. நான் கிழங்கு பிரிக்கிறபோது விளக்குமாற்றோடு வந்து நிற்பார்.

"தம்பி, வெங்காயம்னா கொழம்புக்காவது ஆவும். இத நோண்டி நோண்டி வெக்கறியே, பொண்ணு பாக்கச் சொல்லி உங்கம்மாவுக்குப் போன் போடட்டுமா?"

2005-இல் மழை விடாமல் பெய்ததே, அப்போதுதான் குழி ஓரத்துச் செடிகள் மஞ்சளடித்தன. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் அழுகி, கிழங்கின் தோல் ஆரஞ்சு நிறமாக இருந்தது. பாஸ்கரன் சாரிடம் சொல்லத்தான் கிளம்பினேன். பாதி வழியில் நின்றுவிட்டேன். கடப்பாரை, சிமெண்ட் மூட்டை, பாத்தி முழுக்க மிதிக்கிற ஆட்களின் கால்கள், எல்லாம் கண்ணில் வந்தன. மற்ற செடிகளில் மொட்டு விட்டிருந்த நேரம், சார்.

திரும்பி வந்து கருகியதைப் பிடுங்கி எறிந்தேன். வாசல் பாத்தியில் ஒரு புதரைப் பிரித்து, வேரை நறுக்கி, வெட்டில் சாம்பல் தடவி, அந்த இடத்தில் நட்டேன். பிரித்து நடுவதில் இதுதான் வசதி. ஒரு புதருக்குக் கை நிறையக் கிழங்கு கிடைக்கும். கருகக் கருக மாற்றிக்கொண்டே இருக்கலாம். மாற்றிக்கொண்டே இருந்தேன். பாஸ்கரன் சார் ஜன்னலிலிருந்தே கேட்பார், "பச்சையா இருக்குல்ல?" "இருக்கு சார்." பச்சையாகத்தான் இருந்தது. ஒருநாளாவது பின்பக்கம் நடந்து வந்து பார்த்தாரா? அவரை ஏன் யாரும் இங்கே விசாரணைக்கு உட்கார வைக்கவில்லை?

அடுத்த மழையில் சென்னம்மா அக்கா ஒரு சொம்பைக் கொண்டுவந்து நீட்டினார்.

"எங்க கெணத்துத் தண்ணி எப்டி மஞ்சளா வருது பாரு தம்பி. எம் பொண்ணு கவிப்ரியா பெரிய மனுஷி ஆனா, மஞ்சத் தண்ணி ஊத்த மஞ்சளே வாங்க வேணாம் போ." சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு கேட்டார், "குடிக்கலாமில்ல? நீ படிச்ச புள்ள, சொல்லு."

"மழைத் தண்ணி கலங்கியிருக்கும்க்கா. தெளிஞ்சிரும்."

இவ்வளவுதான் சொன்னேன். குடியுங்கள் என்று நான் சொல்லவில்லை.

கவிப்ரியாவுக்கு முதலில் கையில் புண் வந்தது. அப்புறம் வாந்தி. பெங்களூர் ஆஸ்பத்திரியில் சிறுநீரகம் போய்விட்டது என்றார்கள். ஐந்தாம் வகுப்பு முடிக்கும் முன்பே இறந்துவிட்டாள். போன வாரம் நீங்கள் குழியைத் தோண்டியபோது பக்கச் சுவர் பிளந்திருந்ததையும், மூலையில் நான் எறிந்திருந்த கிழங்குக் குவியலையும் பார்த்தீர்கள். தோண்டிய ஆட்கள் பாத்தியை எப்படி நாசம் செய்தார்கள் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் குழந்தைமேல் எனக்குப் பாசம் இல்லை என்று மட்டும் எழுதாதீர்கள். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. "அண்ணா, எனக்கும் ஒரு கெழங்கு குடுண்ணா" என்று கேட்டாள். இருப்பதிலேயே நல்லதாகப் பார்த்துக் கொடுத்தேன். கொஞ்ச நாளிலேயே கருகியதைக் கொண்டுவந்து காட்டினாள். எனக்கு வந்ததே கோபம்.

"கெணத்துத் தண்ணிய ஊத்துனியா? செத்துப்போகும்னு தெரியாதா உனக்கு?"

"நாங்க அதத்தானேண்ணா குடிக்கறோம்."

அதற்குமேல் அவளை நான் திட்டவில்லை, சார். வேறொரு கிழங்கு பிரித்துக் கொடுத்தேன். அதற்கு ஊற்ற, கம்பெனிக்கு லாரியில் வருகிற நல்ல தண்ணீரும் தினமும் ஒரு சொம்பு என் கையாலேயே பிடித்துக் கொடுத்தேன். வேறு எதற்கும் எடுக்கக் கூடாது என்று சொல்லித்தான் கொடுப்பேன், அவளும் சொன்ன பேச்சைக் கேட்டாள். வேண்டுமானால் அவர்கள் வாசலில் போய்ப் பாருங்கள். செடி நன்றாக இருக்கிறது.