பதினொரு கோடு தண்ணீர்

டிங்கா: ஆவியாப் போச்சா? திரும்பச் சொல்லு. காதுல சரியா விழல.

ஃபிரானே: வெயில் அப்படி, அண்ணி. மே மாசத்துலேர்ந்து ஒரு தூறல் கிடையாது. நம்ம தீவுல எந்த வீட்டு மழைத்தொட்டியிலதான்...

டிங்கா: என் தொட்டிக்குச் சுத்திக் கல்லு. மேல இரும்பு மூடி. மூடிக்குப் பூட்டு. பூட்டைத் திறந்துக்கிட்டு ஆவி வெளிய போச்சாக்கும்.

ஃபிரானே: பழைய தொட்டி. எங்க தாத்தா கட்டினது. எங்கயாவது விரிசல்...

டிங்கா: விரிசல். சரி. நாலே நாள் மகள் வீட்டுக்குப் போனேன். போகும்போது அளவுக்கம்பை இறக்கிப் பார்த்தேன், பதினொரு கோடு. நேத்து சாயங்காலம் கப்பல்லேர்ந்து இறங்கி வந்து பார்த்தேன், நாலு கோடு. நூறு வருஷமா வராத விரிசல், நான் ஊர்ல இல்லாத நாலு நாள்ல வந்துடுச்சு. சாவி யார்கிட்ட இருந்துச்சு?

ஃபிரானே: என்கிட்டதான். கோழிக்குத் தண்ணி வைக்கணும்னு நீங்கதானே குடுத்தீங்க.

டிங்கா: ஏழு கோடு தண்ணியும் கோழி குடிச்சிருச்சா?

ஃபிரானே: கிண்டல் பண்ணாதீங்க. நான் என்ன சொல்றேன்னா... இது உங்க ஒருத்தர் கஷ்டம் இல்ல. உலகத்துக்கே தண்ணி இல்ல. போன மாசம் ஒரு அம்மா வந்து கூட்டம் போட்டுப் பேசினாங்களே. உலகத்துத் தண்ணியெல்லாம் ஒரு பீப்பாய்னு வைங்க...

டிங்கா: நானும் முன்வரிசையிலதான் இருந்தேன். பீப்பாய்ல முக்காலே மூணு வீசம் உப்பு. மிச்சத்துல பாதிக்கு மேல பனிக்கட்டி. அதுக்கும் மிச்சம் பாறைக்கு அடியில போய் ஒளிஞ்சுக்குது. கடைசியில மனுஷன் கைக்கு வர்றது ஒரு கரண்டி. அந்தக் கரண்டியையும் பக்கத்து வீட்டுக்காரன் தூக்கிட்டுப் போவான்னு அந்தம்மா சொல்லல.

ஃபிரானே: யார் தூக்கினது? என்ன பேசறீங்க...

டிங்கா: நான் யார் பேரையும் சொல்லல. பக்கத்து வீடுன்னேன்.

ஃபிரானே: பக்கத்துல இருக்கிறது என் வீடு ஒண்ணுதான்.

டிங்கா: அட, ஆமால்ல.

ஃபிரானே: இதுக்குத்தான் சொல்றேன், பேசாம அக்கரையில ஸ்பிளிட் பட்டணத்துக்கே போயிடுங்க. மகள் வீட்ல குழாயைத் திருகினா தண்ணி. இங்க ஒத்தையா இருந்துக்கிட்டு, முகம் கழுவின தண்ணியைத் தக்காளிக்கு ஊத்திக்கிட்டு... போன வருஷம் என் வீட்ல வாடகைக்குத் தங்கின விருந்தாளி பல் தேய்க்கிறப்போ, குழாயை மூடுன்னு சன்னல் வழியாக் கத்தினீங்க. எனக்கு எவ்வளவு அவமானம் தெரியுமா?

டிங்கா: அவன் பல்லு தேய்ச்சு முடிக்கிறதுக்குள்ள என் வீட்ல ஒரு நாள் சமையல் முடிஞ்சிருக்கும். அவமானமாம். நான் போயிட்டா என் முற்றத்துல உன் விருந்தாளிங்களுக்கு மேசை போடுவ. மேசைக்கு ஒரு குடை.

ஃபிரானே: வீடு சும்மா கிடக்கக் கூடாதேன்னுதான்...

டிங்கா: கேளு. மார்ச் மாசம் கூரை மேல நானே ஏறிச் சுண்ணாம்பு அடிச்சேன், மழை சுத்தமா இறங்கணும்னு. இங்க ஆறு கிடையாது, கிணறு தோண்ட முடியாது. பாறை மேல விழுற மழை கசிஞ்சு நேரே கடலுக்குப் போயிடும். கூரையில பிடிச்சதுதான் தண்ணி. அக்டோபர் வரைக்கும் எனக்கு இருந்தது அந்தப் பதினொரு கோடு. நாலு கோட்டை வெச்சுக்கிட்டு ஆகஸ்டைத் தாண்ட முடியாது. தண்ணிக் கப்பல் வந்தாலும் ஒத்த ஆளுக்கு எவ்வளவு அளப்பாங்கன்னு உனக்கே தெரியும். அப்புறம் நான் வீட்டைப் பூட்டிக்கிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். உன் அண்ணன் உயிரோட இருந்தா என்கிட்ட இப்படிப் பேசுவியா?

ஃபிரானே: ஐயோ, அண்ணி...

டிங்கா: சரி, விடு. உன் நீச்சல்குளம் நிறைஞ்சு தளும்புதே. போன வாரம் காலியாப் பல்லைக் காட்டிக்கிட்டுக் கிடந்துச்சு.

ஃபிரானே: அதுவா... அது கடல் தண்ணி. துறையிலேர்ந்து குழாய் போட்டு இழுத்தேன்.

டிங்கா: இன்னைக்குக் காலையில உன் நாய் அதை நக்கி நக்கிக் குடிச்சுது. கடல் தண்ணி குடிக்கிற நாயை இப்பத்தான் பார்க்கிறேன்.

ஃபிரானே: நாய்க்கு என்ன தெரியும்...

டிங்கா: உப்பு எது, நல்ல தண்ணி எதுன்னு தெரியும். ஆமா, உன் வீட்ல தங்கியிருந்த டச்சுக்காரங்க எங்க? ஞாயித்துக்கிழமை வரைக்கும் இருப்பாங்கன்னியே.

ஃபிரானே: ஏதோ அவசர வேலையாம். கிளம்பிட்டாங்க.

டிங்கா: ஈரத் துணியோடயா? அந்தப் பொம்பளை துண்டைச் சுத்திக்கிட்டுத் துறைக்கு ஓடினதை ஊரே பார்த்துச்சு.

ஃபிரானே: குளத்துல பாம்பாம். பட்டணத்து ஜனங்க... கயித்தைப் பார்த்தாலும் அவங்களுக்குப் பாம்புதான்.

டிங்கா: அந்தக் கயித்துக்கு இடது கண்ணுல பூ விழுந்திருந்துச்சா? என் கை கனம் இருக்கும். முதுகு கறுப்பு, வயிறு மஞ்சள்.

ஃபிரானே: அண்ணி...

டிங்கா: எங்க கல்யாணத்து வருஷம் உன் அண்ணன் அக்கரை ஆத்துல பிடிச்சுட்டு வந்து தொட்டியில விட்ட விலாங்கு மீன். கேப்டன்னு பேரும் அவர் வெச்சதுதான். முப்பத்தோரு வருஷமாப் புழு பூச்சியைத் தின்னு என் குடிதண்ணியைச் சுத்தமா வெச்சிருந்தான். இப்போ தொட்டியில எட்டிப் பாரு, கேப்டனைக் காணோம். உன் குளத்துல சுத்திக்கிட்டு இருக்கான். தண்ணியோட சேர்ந்து வந்துட்டானா, ஃபிரானே?

ஃபிரானே: அதெப்படி வருவான்? வரவே முடியாது. காலையிலேர்ந்து அதையேதான் நானும் மண்டையை உடைச்சுக்கிட்டு இருக்கேன். உங்க தொட்டியில இறக்கின பம்பு வாயில சல்லடை போட்டிருக்கேன். சுண்டுவிரல் நுழையாது. அந்தத் தடியன் எப்படி அதுக்குள்ள...

டிங்கா: யார் தொட்டியில இறக்கின பம்பு? சொல்லு. விரிசலுக்கு வாய் இருந்துச்சு, வாயில சல்லடை இருந்துச்சு. மேல சொல்லு.

ஃபிரானே: குளம் காலியா இருந்தா வர மாட்டோம்னுட்டாங்க, அண்ணி. கப்பல் வந்ததும் திருப்பி ஊத்திடலாம்னுதான்...

டிங்கா: குளத்துக்கெல்லாம் கப்பல்காரன் ஒரு சொட்டு தர மாட்டான். அதுவும் உனக்குத் தெரியும். சோம்பேறித்தனத்துல நீ இன்னும் குளத்துல மருந்து கலக்கல, அந்த மட்டும் நல்லது. அதே பம்பை எடு. ஏழு கோடும் இன்னைக்கே இந்தத் தொட்டிக்குத் திரும்பணும். கேப்டனை நோகாம வலையில எடுத்து...

ஃபிரானே: கொண்டாரேன். எல்லாம் கொண்டாரேன். ஆனா ஒண்ணு மட்டும் புரியல. இப்பவும் போய்ப் பார்த்தேன், சல்லடை கிழியல, அப்படியே இருக்கு. அப்போ அவன் எப்படித்தான் வந்தான்?

டிங்கா: விடிஞ்சதும் நான்தான் வாளியில தூக்கிட்டுப் போய் உன் குளத்துல விட்டேன். முப்பத்தோரு வருஷமா அந்தத் தண்ணியிலயே வாழ்ந்தவன். தண்ணி உன் வீட்டுக்குக் குடி போயிடுச்சு, அவன் மட்டும் இங்க எதுக்கு?