கலையரசிக்குப் பார்த்துப் பார்த்துக் கட்டிய கம்ப்யூட்டர்

நம் ஊரில் புதுப்பொருள் வாங்கினால் மேலே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக்கை யாரும் லேசில் உரிப்பதில்லை. டிவி ரிமோட் உறையோடுதான் கிடக்கும். புதுக் காரில் ஏறி உட்கார்ந்தால் வழுக்கும். உங்கள் மேலப்பாளையத்திலும் அப்படித்தானே, பாய்? துபாயிலிருந்து வந்த மிக்சி பல பெருநாள் பார்த்தும் கவர் கழற்றாமல் இருந்த கதையை நீங்களே சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள். அதனால் என் மனைவி உங்கள் ரிப்பேர் கடைக்குக் கொண்டுவந்த கம்ப்யூட்டரைத் திறந்து, உள்ளே ஒரு பிளாஸ்டிக் ஒட்டியபடியே இருந்ததைப் பார்த்ததும் முதலில் உங்களுக்குச் சிரிப்புதான் வந்திருக்கும். இந்தப் பெருமாள்ராஜ் அண்ணாச்சி கம்ப்யூட்டர் கடை வைத்து என்ன, நம்மூர்ப் புத்தி போகுமா என்று நினைத்திருப்பீர்கள். பிறகு ஏன் போனில் உங்கள் குரல் அப்படி இறங்கிப்போனது என்று யோசித்துக்கொண்டேதான் டவுணிலிருந்து பாலம் தாண்டி வந்தேன்.

தவறா, வேண்டுமென்றே செய்ததா என்று கேட்டீர்கள். சொல்லிவிடுகிறேன், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. அல்வா சூடாக இருக்கிறது, முதலில் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கலையரசி வீடியோ வெட்டிக் கோர்ப்பதில் எமகாதகி. என் மனைவி என்பதற்காகச் சொல்லவில்லை. தாலி கட்டும் நேரத்தில் எல்லாரும் மாப்பிள்ளை கையைப் பார்ப்பார்கள். இவள் பெண்ணின் அப்பா தூணுக்குப் பின்னால் நின்று மூக்கைத் துடைப்பதைத் தேடிப் பிடித்துச் சரியான இடத்தில் வைப்பாள். ஏரலில் ஒரு கல்யாண வீட்டார் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு எங்கள் கடைக்கே வந்து அழுதுவிட்டுப் போனார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வருகிறவர்களிடமெல்லாம் போட்டுக் காட்டுவேன். என்ன, கொஞ்சம் ஊரோடு நிறுத்தியிருக்கலாம். யாரோ அதை எங்கோ அனுப்ப, டாக்குமெண்டரி எடுக்கும் கொச்சிக்காரர்கள் பார்த்துவிட்டார்கள்.

பத்து நிமிடப் படம் ஒன்றைக் கோர்த்து அனுப்பச் சொன்னார்கள். நன்றாக இருந்தால் அங்கேயே வேலை. கலையரசி கடைக்குள் வந்து நின்ற நிற்பிலேயே கேட்டாள்.

"பழைய டப்பா இதுக்குத் தாங்காதுங்க. எனக்குன்னு ஒண்ணு நீங்களே பாத்துக் கட்டித் தாங்களேன்."

கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் என்னிடம் ஒரு சேலைகூட வாய்விட்டுக் கேட்டதில்லை. நான் மறுப்பேனா?

எதிலும் குறை வைக்கவில்லை, பாய். நீங்களே திறந்து பார்த்தீர்கள். வீடியோ வேலைக்கென்றே நிறைய கோர் உள்ள பிராசசர். கிராபிக்ஸ் கார்டு நம் கடைகளில் கண்ணில் படாத ரகம், மதுரை வரை போய் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ராம் தாராளமாகப் போட்டேன். எங்கள் தெருவில் கரண்டு ஏறி இறங்கி ஆடுவது தெரியும் என்பதால் பவர் சப்ளையில் கொஞ்சமும் கஞ்சத்தனம் காட்டவில்லை. அவளுடைய தம்பி மாரிராஜுக்கும் அதில் பங்கு உண்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் கொஞ்ச நேரம் விளையாடிக்கொள்வான் என்று பேச்சு. அவன் கூடவே நின்று நச்சரித்தான்.

"அத்தான், தண்ணி கூலர் போடுங்க அத்தான். உள்ள லைட்டு ஓடணும்."

"ஏலே, தாமிரவருணித் தண்ணியவே ஊத்திருவோம்லே. பைய நில்லு."

காற்றில் குளிரும் பெரிய கூலர்தான் வாங்கினேன். அதன் அடிப்பாகம் செம்பு. பிராசசரின் தலையில் உட்கார்ந்து சூட்டை இழுக்க வேண்டியது அதுதான். அந்தச் செம்பில்தான் கண்ணுக்குத் தெரியாத மாதிரி ஒரு பிளாஸ்டிக் ஒட்டியிருக்கும், மாட்டுவதற்கு முன் உரிக்கச் சொல்லி ஒரு சிவப்பு வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். உரிக்காமல் மாட்டினால் சூடு செம்புக்கு ஏறாது, பெரிய வேலை கொடுத்ததும் மெஷின் தானாக அணைந்துவிடும். உங்களுக்குத் தெரியாததா?

இதில் ஒரு சிக்கல். கலையரசி உரிக்கிறவள். வந்த புதிதில் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவு, வாஷிங் மெஷின் மூடி, என் வாட்ச் எல்லாவற்றையும் தேடித் தேடி உரித்தாள். "மூச்சு முட்டுதுங்க, எப்படித்தான் இருக்கீங்களோ" என்பாள். கம்ப்யூட்டரைக் கட்டும்போதும் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கண்ணாடிக் கதவில் இரண்டு பக்கமும், கார்டின் முதுகில், ஸ்கிரீனின் ஓரத்தில் என்று எல்லாவற்றையும் உரித்துச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள். அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். தீபாவளிப் பலகாரம் சுட்டு முடித்தவள் போல நிமிர்ந்து பார்த்தாள்.

"எல்லாம் உரிச்சாச்சா? இன்னும் ஏதாச்சும் இருக்கா?"

"அவ்வளவுதான்" என்றேன். கூலர் அப்போது என் கையில் குப்புற இருந்தது.

கம்ப்யூட்டர் நன்றாகத்தான் ஓடியது. பாட்டுக் கேட்கலாம், சின்னச் சின்னதாக வெட்டலாம், ஒட்டலாம். முழுப்படத்தையும் ஒன்றாக்கி வெளியே எடுக்கும்போதுதான் அதற்குக் காய்ச்சல் வந்து படுத்துவிடும். முதல் தடவை அணைந்ததும் மாரிராஜின் விளையாட்டால்தான் என்று எல்லாரும் அவனைப் பிடித்து ஏசினார்கள். பாவம், விளையாட்டையெல்லாம் அழித்துவிட்டான். நான் அவனுக்கு ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன்.

அனுப்ப வேண்டிய நாள் மத்தியானம் கலையரசி சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். நான் கண்ணாடிக் கதவைக் கழற்றி, டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து வைத்து, அதுவும் போதாமல் விசிறியால் பக்கத்தில் நின்று வீசினேன். பாதி வரும், அணையும். மறுபடி போடுவாள், பாதிக்கு மேல் வரும், அணையும். கொச்சிக்காரர்கள் சொன்ன நேரம் கடந்ததும் என் தோளில் சாய்ந்து அழுதாள். "நீங்களாவது கூட இருந்தீங்களே" என்றாள். உண்மையைச் சொல்கிறேன் பாய், எங்களுக்குள் அவ்வளவு நெருக்கமாக ஒரு சாயங்காலம் அதற்கு முன் இருந்ததில்லை.

கொச்சியில் அவள் என்ன செய்வாள், சொல்லுங்கள். மீன் குழம்பில் தேங்காய்ப்பால் ஊற்றுகிற ஊர். பாஷை தெரியாது, ஆள் தெரியாது. நாகர்கோவிலில் ஒரு சேனலுக்கு இன்டர்வியூ என்று முன்பு கிளம்பினாளே, அன்றைக்கும் ஸ்கூட்டர் கிளம்பவில்லை. அதன் ஸ்பார்க் பிளக் என் சட்டைப்பையில்தான் இருந்தது. பஸ் ஸ்டாண்டு வரை வெயிலில் நான்தான் தள்ளிக்கொண்டு போனேன், பஸ் போய்விட்டது. இன்றுவரை அதைச் சொல்லிச் சொல்லி உருகுவாள். தன் மனைவிக்காக வெயிலில் வண்டி தள்ளுகிறவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

அவள் சந்தோஷமாகத்தான் இருக்கிறாள். நம்பிக்கை இல்லையென்றால் வீட்டுக்கு வந்து அவளிடமே கேட்டுப் பாருங்கள். நான் பக்கத்தில் இருக்கும்போது கேளுங்கள், அப்போதுதான் கூச்சமில்லாமல் பேசுவாள்.

கொச்சிக்காரர்கள் விடவில்லை, இந்த வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பச் சொல்லி இன்னொரு தடவை கேட்டிருக்கிறார்கள். நான் சரக்கெடுக்க மதுரை போன நேரத்தில் அவள் ஒரு ஆட்டோ பிடித்து உங்களிடம் கொண்டுவந்துவிட்டாள். எனக்கு அது கொஞ்சம் வருத்தம்தான், என் கடையிலேயே ரிப்பேர் பெஞ்சு இருக்கும்போது வெளியே ஏன் போக வேண்டும்? ஆனால் பிளாஸ்டிக்கைக் காட்டியபோது அவள் சொன்னதாகச் சொன்னீர்களே, அதைக் கேட்டதும் வருத்தமெல்லாம் போய்விட்டது.

"அவுகளுக்குச் சொல்லிராதீங்க பாய். தன் கைத்தப்புன்னு தெரிஞ்சா மனசு ஒடிஞ்சுபோவாக."

பார்த்தீர்களா, எப்பேர்ப்பட்ட மனசு. இவளையா நான் கொச்சிக்கு அனுப்புவது?

உங்களைக் குழப்பியது அந்த வால்தான், இல்லையா? மறந்துபோனவன் வாலை அப்படியே விட்டிருப்பான். அதைச் செம்பின் ஓரத்தோடு ஓரமாக, பிசிறில்லாமல் கத்தரித்தது யார் என்றுதானே போனில் இழுத்தீர்கள். நான்தான். அவள் உரித்த குப்பையைத் தூக்கிப் போட எழுந்து போன நேரத்தில், அவளுடைய நகவெட்டியாலேயே கத்தரித்தேன். வெளியே நீட்டியிருந்தால் அவள் கண்ணில் பட்டிருக்கும், பட்டிருந்தால் உரித்திருப்பாள். வேறு கேள்வி இருக்கிறதா?

வேலையைச் சுத்தமாகச் செய்திருக்கிறீர்கள். இப்போது மணிக்கணக்கில் ஓடினாலும் குளிர்ந்தே இருக்கும் என்கிறீர்கள், ரொம்ப சந்தோஷம். நானே எடுத்துக்கொண்டு போகிறேன், வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறது, வீட்டில் வைத்து ஒரு தடவை திறந்து எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டே அவளிடம் கொடுப்பேன். ஆட்டோவில் ஏற்ற மட்டும் ஒரு கை பிடியுங்கள்.

அந்தப் பிளாஸ்டிக்கைத் தூரப் போட்டுவிடாதீர்கள், பாய். பொருளோடு வந்தது, இப்படிக் கொடுங்கள்.