சுவருக்கு வெளியே ரேஸ்

“உள்ள போய் பாக்க வாணாம்மே. செவுத்துக்கு வெளிய நின்னு கேட்டாலே போதும்.”

கச்சிராயபாளையம் டவுன் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இருந்தவர் மனைவியிடம் சொன்னார். கையில் காது டாக்டரின் சீட்டு. நகக்கண்ணெல்லாம் கிரீஸ்.

“சிங்கப்பூரு வரைக்கும் போயி கார் ரேஸ பாக்காம வருவியாய்யா?”

“டிக்கெட்டு வாங்க நமக்கு எங்க வக்கு இருக்குது? அங்க வேல பாக்கற தங்கச்சி மவன் ரூமுல படுத்துக்கலாம். புளிச்சோறு கட்டிக்கினு போனா செலவு கம்மி. செவுத்தாண்ட நின்னா அந்த இன்ஜின் சத்தம் நெஞ்சுல வந்து இடிக்குமாம். நான் இத்தினி வருசமா டிராக்டர் சத்தத்தயே கேட்டுக்கினு கெடக்கறேன்.”

“அதான் ஒரு காது போச்சு. இன்னொண்ணும் நிக்காதுன்னு இப்பதான டாக்டர் சொன்னாரு? சத்தத்தாண்டயே போவாதன்னாரு.”

“எப்பிடியும் போவப்போவுது. கடைசியா கேக்கறது நல்ல சத்தமா இருக்கட்டுமே.”

டிரைவர் ஏர்ஹாரனை அலறவிட்டான். ரோட்டில் ஒரு நாய்கூட இல்லை. இவனையெல்லாம் இறக்கிவிட்டு உதைக்க வேண்டும். அந்த அம்மாள் சட்டென்று கணவரின் நல்ல காதைப் பொத்தினார். ஹாரன் ஓய்ந்த பிறகும் கையை எடுக்கவில்லை. கணவரோ கரும்புக் கொல்லைக்கு அப்பால் தெரிந்த மலையையே பார்த்துக்கொண்டிருந்தார், கார்கள் அங்கேதான் ஓடுவதுபோல.

வெகுநேரம் கழித்துத்தான் அந்த அம்மாள் கையை எடுத்தார்.

“சரி, போவலாம். எனக்குக் காதுல வெக்கப் பஞ்சு மட்டும் வாங்கிக் குடு.”

“உனுக்கு எதுக்கும்மே பஞ்சு?”

“அப்பறம் நம்ம ரெண்டு பேருக்கும் சேத்து நான் ஒருத்திதானய்யா கேக்கணும்.”