மருந்து வலையின் ஓட்டைகள்

ஆஸ்பத்திரியில் கட்டு மாற்றும் வரிசையில் எனக்கு முன்னால் பதினோரு பேர் இருந்தார்கள். ஒன்பது பேர் உள்ளே போய் வந்தபின், கால்விரலில் நீரிழிவுப் புண்ணுக்குக் கட்டுப் போட்டிருந்த ரப்பர் தோட்டத் தொழிலாளி ஒருவர் தம் மனைவியிடம் மெல்லச் சொன்னார்.

"அந்த ஓட்டையெல்லாம் நான் அடைச்சிட்டேன்."

"எந்த ஓட்டை?"

"கட்டுப் போடுற மிஸ்ஸி புண்ணு மேல வச்சாங்களே மருந்து வலை, அதுல. கொசுவலை மாதிரி பூரா ஓட்டை. மருந்து ஒழுகிடாதா?"

"எதால அடைச்சீங்க?"

"பாலுதான். மரத்துல கட்டின மங்குல இருந்து ரெண்டு சொட்டு."

"ரப்பர் பாலா?"

"பின்ன, மாட்டுப் பாலா ஒட்டும்?"

அந்த அம்மாள் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"அந்த ஓட்டை வழியாத்தான் சீழு வெளிய வரணும்னு மிஸ்ஸி சொன்னாங்க லா. மருந்து தானா உள்ள இறங்குமாம்."

"வேகமா மலாய்ல சொன்னாங்க. நான் தலையாட்டினேன்."

"விரல் மரத்துப் போச்சு, இன்னிக்கும் உணர்ச்சி இல்லன்னா வெட்டிருவேன்னு டாக்டர் சொன்னாரே, அது மட்டும் புரிஞ்சுச்சா?"

"அத கையால காட்டினாரு."

இருவரையும் உள்ளே கூப்பிட்டார்கள். காய்ந்த ரப்பரை மிஸ்ஸி பிடித்து இழுத்திருக்க வேண்டும். திரைக்குப் பின்னால் கணவர் "ஐயோ அம்மா" என்று அலறினார். எனக்குப் பின்னால் இருந்த நான்கு பேரும் எழுந்துவிட்டார்கள். மனைவி டாக்டரிடம் நல்ல மலாயில் நிதானமாகச் சொல்வது கேட்டது.

"கேட்டீங்களா டாக்டர்? விரலுக்கு உணர்ச்சி நல்லாவே இருக்கு. சந்தேகமா இருந்தா இன்னொருக்கா இழுத்துப் பாருங்க."