மீதி அரை மார்க்

பொம்மைத் தலையின் இடது காதை உடைத்தது நான்தான். பெரிய விஷயத்துக்கு வருவதற்கு முன் கைவசம் இருக்கும் சின்னக் குற்றத்தைத் தீர்த்துவிடலாம் ஐயா.

எங்கள் கார் கம்பெனியில் ஓட்டுநர் இருக்கையில் ஒரு பொம்மைத் தலையை உட்காரவைப்போம். இரண்டு காதிலும் மைக். மூளை கிடையாது, எங்கள் பிரிவில் அதற்கு இருந்த மரியாதைக்கு அதுதான் காரணம். என் சாப்பாட்டுப் பையின் வார் மாட்டி அது கீழே விழுந்து காது போயிற்று. பழுதுபார்க்க மூன்று வாரம் என்றார்கள். பெருக்கித் துடைக்கும் அம்மாவைச் சந்தேகப்பட்டார்கள். நான் மறுக்கவில்லை. அன்று அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். எனக்கு இளகிய மனசு.

வண்டிக்குள் கேட்கும் சத்தத்தை அளப்பதும் குறைப்பதும் என் வேலை. மார்க் போடுவது கேட்புக் குழு. பத்துப் பேர், இருபது காது, அதில் உருப்படி மூன்று. ஒருவர் தன் வயிறு இரைவதை என்ஜின் கோளாறு என்று எழுதிக் கொடுத்தார். செவிடன் காதில் ஊதிய சங்குக்குக்கூட எனக்குக் கிடைத்ததைவிட நல்ல ரசிகர் அமைந்திருப்பார்.

அவர்களுக்கே கேட்ட ஒரு சத்தம்தான் என் தலைவலி. பிரேக் பேட் தேய்ந்துபோனால், அதில் இருக்கும் சின்ன இரும்பு நாக்கு டிஸ்க்கில் உரசிக் கீச்சென்று கத்தும். ஓட்டி ஓட்டித் தேய்த்த சோதனை வண்டி ஒன்றில் குழுவை ஏற்றியபோது பத்துக்கு நாலு மார்க் போட்டார்கள். பிரேக் பிரிவில் 'இரும்புக்காது' என்று நாங்கள் கூப்பிடும் ஆளிடம் போனேன்.

"அது கத்தணும்யா. கத்துறதுக்குன்னே வச்சது."

"கொஞ்சம் மரியாதையா கத்தச் சொல்லுங்களேன்."

"வீடு பத்திக்கிட்டா உம்மை முதுகுல தட்டிக்கொடுத்தா எழுப்புறது?"

நயம் தெரியாதவர்களோடு நான் வாதாடுவதில்லை. ஒரு சத்தத்துக்கு நேர் எதிரான சத்தத்தை அதே நொடியில் எழுப்பினால், இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். டயர் இரைச்சலைத் தின்பதற்காக ஹெட்ரெஸ்டில் ஏற்கெனவே ஸ்பீக்கர்கள் வைத்திருந்தோம். அவற்றின் தீனியில் கீச்சையும் சேர்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை. குழு ஒன்பதரை போட்டது.

மீதி அரை மார்க். அதைத் தரத் தகுதியுள்ள காது ஒன்றே ஒன்றுதான்: என் தங்கை வீட்டுக்காரர். பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பவர். பக்கத்து அறையில் இருந்தபடியே எந்தக் கம்பி மயிரிழை இறங்கியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். சாப்பாட்டு மேசையில் எல்லார் முன்னாலும் சொல்வார்: "நான் சத்தத்தைச் சரிபண்றவன். மச்சான் அதோட வாயைப் பொத்துறவர்." தங்கைக்குப் புரையேறும் அளவுக்குச் சிரிப்பு வரும். நானும் சிரிப்பேன். எட்டு வருடம் சிரித்தேன்.

பொம்மைக்குக் காது இல்லை என்பதைச் சாக்காக வைத்து, அந்தச் சோதனை வண்டியை அவரிடம் ஒரு வாரம் ஓட்டக் கொடுத்தேன். ஆமாம், தேய்ந்த அதே வண்டிதான். தேயாத வண்டியில் கீச்சு வராது. வராத சத்தத்தை அடக்கி என்ன பெருமை? 'இனி ஓட்டக் கூடாது' என்று இரும்புக்காது கண்ணாடியில் சீட்டு ஒட்டியிருந்தார். கிழித்தேன். பார்வைக்கு இடைஞ்சல்.

வெளியே நின்றால் அந்தக் கீச்சு தெருமுனை வரை கேட்டது. போகிறவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். வண்டியின் அழகைப் பார்க்கிறார்கள் என்று நினைத்து, மாப்பிள்ளை உள்ளே இருந்து கையசைத்தார்.

தினமும் போன் செய்தேன்.

"என்ன மாப்ள, பத்துக்கு எவ்வளவு?"

"ஓடுது மச்சான்."

"சத்தம்?"

"எங்கேயோ ஒரு சுரம் குறையற மாதிரி இருக்கு. என்னன்னு பிடிபடல. இருங்க, சொல்றேன்."

ஐந்தாம் நாள், தங்கையையும் கூட்டிக்கொண்டு மலைப்பாதையில் போவதாகச் சொன்னார். பிரேக் விஷயம் வாய் வரை வந்தது. ஆனால் சொல்லிவிட்டால், எதைக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிடும். பரீட்சையில் விடையைக் காட்டிக்கொடுத்த மாதிரி. திரும்பி வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று, "பார்த்துப் போங்க" என்றேன். அக்கறையோடுதான் சொன்னேன்.

கீழ் வளைவில் டயர் கடை வைத்திருப்பவர் உங்களிடம் சொன்னது உண்மைதான். வண்டி மேலேயிருந்தே அலறிக்கொண்டு இறங்கியது.

மாப்பிள்ளையின் காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் ஆஸ்பத்திரியில் தங்கைக்கு நினைவு திரும்பியது. எல்லாரும் அழுதார்கள். நானும் அழுதேன், ஒரு படி கூடுதலாகவே. அவர்கள் வெளியே போனதும் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டேன்.

"வண்டிக்குள்ள ஏதாவது சத்தம் கேட்டுச்சாம்மா?"

"ஒண்ணுமே கேக்கலண்ணா. அவ்வளவு அமைதி. உனக்குப் போன் பண்ணிச் சொல்லணும்னாரு."

"என்னன்னு?"



"'உங்க அண்ணன் ஜெயிச்சுட்டாரு, பத்துக்குப் பத்து'ன்னாரு. சொல்லி வாய மூடல, அந்த வளைவு வந்துடுச்சு."

அந்தப் பத்தை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. சாட்சி இருக்கிறது.