சுந்தரி கல்லில் ஒரு வரி

கரண்டு வர நேரமாகும். கிட்ட வந்து உட்காருங்கள். பின்னால் யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம்... அங்கே ஒன்றுமில்லை, இப்போதைக்கு.

உச்சி வெயில் நேரம். ஏழாயிரம்பண்ணை ரோடு. பட்டாசு ஆலை வேன்கள் காலையில் போய்விட்டால், பொழுது சாயும்வரை அங்கே காக்காய்கூடப் பறக்காது. நம்ம பாத்திரக்கடை முகம்மது நூகுவின் மச்சான் சாபிர், கையில் உளியும் சுத்தியலுமாகத் தனியே நடந்துகொண்டிருந்தான். பேய் ராத்திரியில்தான் வரும் என்று நினைக்கிறவர்கள் இந்த ஊர் வெயிலைப் பார்த்ததில்லை.

சாபிர் சர்க்கஸ் யானைப்பாகன். அவனுடைய சுந்தரியைத் தெரியாத பிள்ளை சாத்தூர் வட்டாரத்தில் கிடையாது. துதிக்கையை நெற்றியில் வைத்து சலாம் போடுவாள். சாபிர் சட்டைப்பையிலிருந்து வெல்லக்கட்டி எடுத்துக் கொடுக்கும்வரை இறக்கமாட்டாள். எலெக்‌ஷனில் நின்றிருந்தால் அவள்தான் சேர்மன்.

பட்டாசு ஆலை முதலாளி சீனிவாசகத்துக்குக் காலண்டர் போடப் படம் வேண்டியிருந்தது. யானையும் அவரும், காலடியில் சரவெடியும்.

"வேண்டாம் மொதலாளி, வெடின்னா மெரளுவா" என்றான் சாபிர்.

"கொளுத்தவா போறோம்? சும்மா படத்துக்குத்தாம்லே."

சொன்னவர், புகை இருந்தால் படம் எடுப்பாக இருக்கும் என்று கொளுத்திவிட்டார். சுந்தரி ஓடினாள். காலில் சங்கிலி இழுபட... வளைவில் வந்த லாரி நிற்கவில்லை.

ஊரே அழுதது. அவள் விழுந்த இடத்திலேயே, அந்த ரோட்டோரம், சிமெண்டில் ஒரு யானை செய்து வைத்தது. கல்வெட்டு மட்டும் முதலாளி உபயம். டியூப் லைட்டில் வெளிச்சம் வராத அளவுக்கு உபயம் எழுதுகிற ஊர் நம் ஊர். கல்லில் அவர் பெயர் முழ நீளம். அடியில், எறும்பு ஊர்ந்த மாதிரி, 'மதம் பிடித்து ஓடி உயிர்விட்ட சுந்தரி.'

மதம் பிடிப்பது ஆண் யானைக்கு. பொட்டை யானைக்கு ஏது மதம்? போலீசிலும் மதம் பிடித்தது என்று சொல்லித்தான் முதலாளி தப்பினார். மதம் பிடித்ததைக் கண்டுபிடிக்கத் தெரியாத பாகன் என்று சாபிரை எந்த சர்க்கஸும் சேர்க்கவில்லை. பிழைப்பு போனதுகூடப் பெரிதில்லை. செத்தவள்மேல் பழி.

"அந்த வரிய எடுத்துருங்க மொதலாளி" என்று வாசலில் நின்று கேட்டான்.

"ஏலே, செத்த யானை வந்து கல்லப் படிக்கவா போகுது?" என்று சிரித்தார் அவர்.

படிக்கத்தான் வந்தாள்.

அன்று சாபிர் கல்லில் உளியை வைக்கவும் கார் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. நினைவு நாள். முதலாளி மாலையோடு இறங்கினார். மரியாதை செய்யச் சரவெடியும் கொண்டுவந்திருந்தார். வெடியில் செத்தவளுக்கு வெடியிலேயே அஞ்சலி!

"கல்லுல கை வச்சேன்னா கம்பி எண்ணணும்லே" என்றபடி சரத்தை விரித்து, திரியில் ஊதுபத்தியை வைத்தார்.

புஸ்... அணைந்தது. மறுபடி வைத்தார். புஸ். திரி சொதசொதவென்று நனைந்திருந்தது. மழையை மறந்துபோன பூமியில்.

அப்புறம் வாசம். நனைந்த யானைத் தோல்... மென்ற கரும்பு... பிறகு தார் ரோட்டில் சங்கிலிச் சத்தம். கிலுங்... சர்ர்ர்... கிலுங்.

அந்தச் சங்கிலியைச் சாபிரே செத்தவள் காலிலிருந்து அவிழ்த்து, சிலையின் பீடத்துக்குள் போட்டு, மேலே சிமெண்ட் பூசியிருந்தான்.

சத்தம் அவனைத் தாண்டி முதலாளியிடம் போனது. 'நில்லு புள்ளே' என்று ஒரு சொல் சொன்னால் போதும், நின்றுவிடுவாள். என்றைக்கும் நின்றிருக்கிறாள். சொல் நாக்கு நுனிவரை வந்தது. சாபிர் கல்லைப் பார்த்தான். அந்த வரியைப் பார்த்தான்.

வாயை மூடிக்கொண்டான்.

முதலாளி ஓடினார். சுந்தரி ஓடிய அதே பக்கம்...

சாகவில்லை. வீட்டில்தான் இருந்தார், நின்றபடியே. ஒரு காலை ஊன்றிக்கொண்டு, உடம்பை அந்தப் பக்கம், இந்தப் பக்கம்... கட்டிப்போட்ட யானை ஆடுகிற மாதிரி. வெயில் தாக்கிவிட்டது என்றார் டாக்டர். கடைசியில் அவர் மனைவி தங்கத்தாய் சாபிரைத் தேடி வந்தாள். "பாய், ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க" என்று கும்பிட்டாள்.

போனான். நிலைப்படியில் நின்று மெதுவாகச் சொன்னான்.

"நில்லு புள்ளே."

ஆட்டம் நின்றது. முதலாளியின் வலது கை எழுந்து நெற்றியில் போய் உட்கார்ந்தது. இறங்கவில்லை.

சாபிர் சட்டைப்பையிலிருந்து வெல்லக்கட்டியை எடுத்தான். தன் வாயில் போட்டுக்கொண்டான்.

"அந்த வரியச் செதுக்கி எடுக்கச் சொல்லுங்கம்மா. பெறகு வந்து சங்கிலிய அவுத்து விடுதேன்."

"எந்தச் சங்கிலி, பாய்?"

தங்கத்தாய் குனிந்து பார்த்தாள். காலில் ஒன்றுமில்லை.

முதலாளி காலை மாற்றி வைத்தார். மொசைக் தரையில்...

கிலுங்.